கேட்கும் ஒலியும் காக்கும் ஒலியும்: இலக்கவியல் இசை வடிவங்களின் தரம் பற்றிய ஓர் ஒப்பீடு



1. முன்னுரை

மொழியியல் பயின்றவர்கள் இசைக் கோப்புகளின் தரத்தைப் பற்றிப் பேச வருவது ஏன் என்னும் வினா உங்களுள் சிலருக்கு எழக்கூடும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இசைக்கென வகுக்கப்பட்ட வடிவங்களிலேயே இன்று பேச்சும் பதிவாகிறது. மாணவரின் வாய்மொழிப் பயிற்சி, பாட்டியின் தாலாட்டு, அறிஞரின் சொற்பொழிவு ஆகிய யாவும் திரையிசைப் பாடலைப் போன்றே ஒரு கோப்பாகித்தான் நம் கைப்பேசியில் அமர்கின்றன. இரண்டாவது, இத்துறையில் நாம் ஒரு பிழை செய்தோம். அப்பிழையைத் திருத்த வழியில்லை; பிறர் அதனைச் செய்யாமல் தடுக்க வழியுண்டு. அது என்ன என்பதை உரையின் பிற்பகுதியில் கூறுவோம்.

எந்த வடிவம் சிறந்தது என்று கேட்போர் பலர். வேவ், ஃபிளாக், எம்.பி.3, ஏ.ஏ.சி., ஓபஸ் எனப் பெயர்கள் அடுக்கடுக்காக வருகின்றன. விற்பனையாளர்கள் ஒருபுறம் உயர்தரம் என்கின்றனர். நண்பர்கள் மறுபுறம் எல்லாம் ஒன்றே என்கின்றனர். இருதரப்பிலும் பாதி உண்மை உள்ளது. கேட்பதற்கு ஏற்ற வடிவம் வேறு, காப்பதற்கு ஏற்ற வடிவம் வேறு என்பதே இவ்வுரையின் மையக் கருத்து. அதனை நிறுவுவதற்கு முன்பு, ஒலி எவ்வாறு எண்ணாகிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

2. ஒலி எண்ணாகும் முறை

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அதனை எண்களாக மாற்ற இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டும். ஒரு நொடியில் எத்தனை முறை அளப்பது என்பது ஒன்று. ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுட்பமாகக் குறிப்பது என்பது மற்றொன்று. முன்னதை மாதிரி வீதம் என்றும் பின்னதைப் பிட் ஆழம் என்றும் கூறுவர்.

1982ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுவட்டு இயக்கி இவ்விரு முடிவுகளையும் உலகுக்கெல்லாம் பொதுவாக்கியது. குறுவட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் கொண்டு குறிக்கப்படுகிறது. 44,100 என்னும் எண் விந்தையாகத் தோன்றலாம். தொடக்க காலத்தில் இலக்கவியல் ஒலியைக் காணொளி நாடாக்களில்தான் சேமித்தனர். ஒரு வரிக்கு 3 மாதிரிகள் வீதம், 245 வரிகள், நொடிக்கு 60 புலங்கள் எனப் பெருக்கினால் 44,100 கிடைக்கும். மற்றொரு காணொளி முறையில் 3 மாதிரிகள், 294 வரிகள், 50 புலங்கள் எனப் பெருக்கினாலும் அதே 44,100 கிடைக்கும். இரு முறைகளுக்கும் பொருந்திய எண் என்பதால் அது நிலைத்தது.

இவ்வீதம் நம் செவிக்குப் போதுமா? ஓர் அலையைப் பிழையின்றி மீட்க வேண்டுமாயின், அதிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கும் மேலான வீதத்தில் மாதிரி எடுத்தல் வேண்டும். நைகுவிஸ்ட், ஷானன் ஆகியோரின் பெயர்களோடு வழங்கும் தேற்றம் இது. மாந்தர் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரும். 44,100இல் பாதி 22,050. ஆகவே செவியின் எல்லை முழுவதும் அதனுள் அடங்கிவிடுகிறது. மாதிரிகளுக்கு இடைப்பட்ட ஒலி தொலைந்து போகிறது என்றும், இலக்கவியல் ஒலி படிக்கட்டுப் போன்றது என்றும் சிலர் கருதுவர். அது பிழையான கருத்து. எல்லைக்குட்பட்ட அலை எனின், அம்மாதிரிகளிலிருந்து அது முழுமையாகவே மீண்டும் உருப்பெறும்.

பிட் ஆழத்தைப் பொறுத்தவரை, 16 பிட் என்பது 65,536 படிநிலைகளைத் தரும். ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் இடைவெளியைக் கூட்டுவதால், மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் இடம் கிடைக்கிறது. வீட்டில் அமர்ந்து கச்சேரி கேட்போருக்கு இது தாராளம். பதிவு செய்வோருக்கு மட்டும் 24 பிட் உதவும். பாடுபவர் எப்பொழுது குரலை உயர்த்துவார் என்பதை முன்கூட்டியே அறிய இயலாது. ஆகவே ஒலி மட்டத்தைச் சற்றுத் தாழ்த்தி வைத்துப் பதிவு செய்ய வேண்டியுள்ளது. அத்தாழ்வினால் நுட்பம் குறையாதிருக்கக் கூடுதல் பிட்டுகள் துணைபுரிகின்றன.

3. இழப்பில்லாச் சுருக்கமும் இழப்புள்ள சுருக்கமும்

44,100 மாதிரிகள், 16 பிட், இரு தடங்கள் எனப் பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. ஒரு மணிநேர இசைக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் தேவைப்படும். இதனைச் சுருக்குவதற்கு இருவழிகள் உள்ளன.

முதல்வழி, மீண்டும் விரித்தால் ஒரு பிட்டும் குறையாமல் கிடைக்கும் வழி. நம் இலக்கணத்தில் ‘பொற்குடம்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் அதனைப் ‘பொன்’, ‘குடம்’ எனப் பிரிக்கிறோம். புணர்ச்சி விதியை அறிந்தவருக்கு அதில் எதுவும் தொலைவதில்லை. ஃபிளாக் வடிவம் அத்தகையது. அதன் முதற்பதிப்பு 2001இல் வெளிவந்தது. முந்தைய மாதிரிகளைக் கொண்டு அடுத்த மாதிரி இன்னதாக இருக்கும் என்று கணித்து, அக்கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள சிறு வேறுபாட்டை மட்டும் அது எழுதி வைக்கிறது. நேரியல் கணிப்பு எனப்படும் இம்முறை, உயிரெழுத்துகளின் ஒத்ததிர்வுகளைக் கண்டறிய ஒலியியலார் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் முறையேயாகும். இதனால் கோப்பு பெரும்பாலும் பாதியளவாகச் சுருங்கும். விரித்தால் குறுவட்டில் இருந்தது அப்படியே திரும்பும். ஆகவே வேவ் கோப்பும் அதிலிருந்து பெற்ற ஃபிளாக் கோப்பும் ஒலித்தரத்தில் வேறுபடும் என்று யாரேனும் கூறின், அக்கூற்றை ஏற்க வேண்டியதில்லை.

இரண்டாம் வழி, சிலவற்றை விட்டுவிடும் வழி. ஒரு நாவலின் கதைச்சுருக்கத்தைக் கொண்டு அந்நாவலை மீண்டும் எழுதிவிட முடியாது. எம்.பி.3, ஏ.ஏ.சி., ஓபஸ் ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை. அங்ஙனமாயின், எதை விடுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இவ்வுரையின் உயிர்நாடியான வினா இதுவே.

4. எதை விடுவது?

எம்.பி.3 வடிவம் செருமனியின் எர்லாங்கன் நகரில் உருவான ஆய்வின் பயன். தொலைபேசிக் கம்பிவழி இசையை அனுப்ப இயலுமா என்னும் வினாவே அதன் தொடக்கம். கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்ட அறிஞர்கள் செவியின் ஓர் இயல்பைப் பயன்படுத்தினர். பேரொலி ஒன்று ஒலிக்கையில் அதற்கு அண்மையான அதிர்வெண்ணில் உள்ள மெல்லொலி நம் செவிக்கு எட்டுவதில்லை. தவில் முழங்கும் இடத்தில் பக்கத்திலிருப்பவரின் முணுமுணுப்புக் கேளாதது போன்றது இது. இதனை ஒலி மறைப்பு என்பர். பேரொலிக்குச் சற்று முன்னும் பின்னும் வரும் மெல்லொலியும் இவ்வாறே மறையும். கேளாத ஒலிக்கு இடம் எதற்கு என்று கருதி, மறைபட்ட பகுதிகளைக் குறைந்த பிட்டுகளால் பருவெட்டாகக் குறித்தனர். நொடிக்கு 128 கிலோபிட் என்னும் வீதத்தில் கோப்பு, குறுவட்டு அளவில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

இங்கே மொழி ஆசிரியர்கள் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. பிராண்டன்பர்க் தம் முறையைச் செப்பம் செய்வதற்குப் பயன்படுத்திய பாடல்களுள் ஒன்று, சூசன் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்பது. அதில் பக்கவாத்தியம் ஏதும் இல்லை. தனிக்குரல் மட்டுமே உண்டு. தொடக்க நிலையில் அக்குரல் பெரிதும் சிதைந்து ஒலித்தது. பல கருவிகள் சேர்ந்து முழங்கும் இசையில் பிழைகள் ஒன்றனுள் ஒன்று மறைந்துவிடும். தனித்து ஒலிக்கும் மாந்தர் குரலில் அவற்றை மறைக்க எதுவும் இல்லை. குரலைச் செம்மையாகச் சுருக்குவது எளிதன்று என்பதை அவ்வறிஞர்கள் அப்பாடலின்வழி உணர்ந்தனர்.

5. எழுத்தும் ஒரு சுருக்கமே

விடுவதை இழிவாகக் கருதுதல் வேண்டா. மொழியின் வரலாற்றில் எழுத்தே முதற்பெரும் சுருக்கம். ‘கடல்’, ‘அகம்’, ‘தங்கம்’ ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. எழுத்தோ ஒன்றே. இடம் நோக்கி ஒலி மாறும் என்பதைத் தமிழ் அறிந்தவர் அறிவர். ஆகவே அவ்வேறுபாட்டைத் தனியே குறிக்க வேண்டிய தேவை எழவில்லை. பேசியவர் ஆணா பெண்ணா, இளையவரா முதியவரா, சினந்து கூறினாரா சிரித்துக் கூறினாரா என்பவற்றையும் எழுத்து விட்டுவிடுகிறது.

தொல்காப்பியர் இதனை நன்குணர்ந்திருந்தார். பிறப்பியலின் இறுதியில், உடலின் அகத்தே வளி எழுந்து இயங்கும் அளவைக் கூறுவது தம் நூலின் நோக்கமன்று என்றும், புறத்தே பொருள்பட இசைக்கும் ஒலியின் அளவையே தாம் கூறுவதாகவும் அவர் வரையறை செய்கிறார். எதைக் கொள்வது, எதை விடுவது என்பதை நோக்கத்தைக் கொண்டு முடிவு செய்த பேரறிவு அது. ஒலியின் அளவுக்கு அவர் கொண்ட கருவிகள் கண்ணிமையும் கைநொடியும். எம்.பி.3 முறையில் ஒரு சட்டம் 1,152 மாதிரிகளைக் கொண்டது. அது ஏறத்தாழ 26 மில்லிநொடி. மிக விரைவான கண்ணிமைப்பினுள்ளும் இத்தகைய சட்டங்கள் மூன்றேனும் அடங்கும்.

எழுத்து, வாசிப்பவரை எண்ணி விடுகிறது, எம்.பி.3, கேட்பவரை எண்ணி விடுகிறது. ஒவ்வொரு சுருக்கத்தின் பின்னும் கற்பனையான பயனாளர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவருக்கு வேண்டாதது நீக்கப்படுகிறது. அக்கற்பனைப் பயனாளரும் நாளை வரும் உண்மைப் பயனாளரும் ஒருவராகவே இருப்பின் குறையொன்றும் இல்லை. இருவரும் வேறாகும்பொழுதே இடர் தோன்றும்.

6. செவியின் தீர்ப்பு

வடிவங்களை எவ்வாறு ஒப்பிடுவது? கோப்பின் பெயரைப் பார்த்துக்கொண்டு கேட்பது ஒப்பீடாகாது. மாணவரின் பெயரை அறிந்தபின் கட்டுரைக்கு மதிப்பெண் இடுவதைப் போன்றது அது. முதல் ஒலி ஒன்று, இரண்டாம் ஒலி ஒன்று, அவ்விரண்டில் எதுவென்று அறிவிக்கப்படாத மூன்றாம் ஒலி ஒன்று என அமைத்து, மூன்றாவது எதனோடு ஒக்கும் என்று கேட்பவர் கூற வேண்டும். 16 முறை கேட்டு 12 முறையோ அதற்கு மேலோ ஒருவர் சரியாகக் கூறினால், அது வெறும் ஊகத்தால் நேர்ந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கினும் குறைவு. ஒலியளவையும் சமன் செய்தல் இன்றியமையாதது. சிறிதளவு உரத்து ஒலிப்பதையே நம் செவி தரமானது என்று மயங்கிக் கொள்ளும்.

பணிக்காலத்தில் ஒலியியல் வகுப்புகளில் இச்சோதனையை நாம் பலமுறை நடத்தியுள்ளோம். வகுப்பு தொடங்குகையில் குறுவட்டின் ஒலியைத் தம்மால் எளிதில் இனங்காண முடியும் என்று மாணவர்கள் உறுதியாகக் கூறுவர். 64 கிலோபிட் கோப்பைப் பெரும்பாலோர் உடனே கண்டுபிடித்துவிடுவர். நன்கு செய்யப்பட்ட 256 கிலோபிட் கோப்புக்கு வரும்பொழுது வகுப்பறையில் அமைதி நிலவும். அச்சோதனையில் நாமும் தோற்றிருக்கிறோம் என்பதை மறைப்பதற்கில்லை.

குறுவட்டினும் உயர்ந்த தரம் எனப்படும் பதிவுகளுக்கும் இதுவே பொருந்தும். மையர், மோரன் ஆகிய இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நுட்பப் பதிவையும் அதனைக் குறுவட்டுத் தரத்திற்குக் குறைத்த ஒலியையும் கேட்பவர்களுக்கு மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தனர். 554 முறைகளுள் 276 முறை விடை சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டினாலும் ஏறத்தாழ அவ்வளவே கிடைக்கும். 2016இல் ரைஸ் என்பவர் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, மிகச் சிறிய வேறுபாடு உணரப்படுகிறது என்றும், பயிற்சி பெற்றோரிடம் அது சற்று மிகுதி என்றும் கண்டார். சான்றுகளை ஒருங்கே நோக்கின், வேறுபாடு இருப்பினும் அது மிக நுண்ணியது என்பதே முடிவு.

வயதையும் கருத வேண்டும். முதுமையில் முதலில் மங்குவது உயர் அதிர்வெண்களை உணரும் திறன். 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியைப் பற்றி மிக ஆர்வமாக வாதிடுவோர் பெரும்பாலும் எம் வயதினராக இருப்பது ஒரு வேடிக்கை. அவ்வொலியைக் கேட்க வல்ல பேரக்குழந்தைகளோ கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியே போதும் என்கின்றனர்.

7. வேறுபாடு தெரியும் இடங்கள்

குறைந்த வீதங்களில் வேறுபாடு தெளிவாகத் தெரியும் என்றோம். அது எல்லா ஒலிகளிலும் ஒருபோல் தெரிவதில்லை. மூன்று இடங்களைச் சுட்டலாம்.

முதலாவது, திடீரென எழும் ஒலி. மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் படும் நொடி, தாளக்கருவிகள் மோதும் நொடி ஆகியவை இத்தகையன. சுருக்கத்தால் விளையும் இரைச்சல் சட்டம் முழுவதும் பரவுவதால், அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய கரகரப்புக் கேட்கும். இதனை முன்னெதிரொலி என்பர். மொழியில் இதற்கு நிகரானவை வல்லின மெய்கள். ‘பட்டம்’ என்று கூறுகையில் டகரம் வெடிப்பதற்கு முன் ஒரு கண அமைதி உண்டு. அவ்வமைதியின் நீளமே ஒற்றிரட்டித்தலை நமக்கு உணர்த்தும் முதன்மையான குறிப்பு. அவ்விடத்தில் இரைச்சல் புகுந்தால் சொல் விளங்கும். ஆயினும் அளக்க முற்படும் ஆய்வாளர் இடர்ப்படுவார்.

இரண்டாவது, உயர் அதிர்வெண்களின் செறிவு. தம்புராவின் ரீங்காரம் இதற்கு நல்ல சான்று. குதிரைக்கும் தந்திக்கும் இடையே வைக்கப்படும் நூலிழை, மேற்சுரங்களின் பெருந்தொகுதியை எழுப்புகிறது. அறிவியலறிஞர் சர் சி. வி. இராமன் 1921ஆம் ஆண்டிலேயே இவ்வியல்பை ஆராய்ந்தார். குறைந்த வீதச் சுருக்கத்தில் முதலில் வெட்டப்படுவது அம்மேற்பகுதியே. சுருதி நிற்கும், ஒளி மங்கும்.

மூன்றாவது, இரைச்சலை ஒத்த ஒலி. புல்லாங்குழலில் வாயிலிருந்து கசியும் காற்று, ‘ஸ்’ எனும் உரசொலி, பாடகர் மூச்சை இழுக்கும் ஒலி ஆகியவை ஒழுங்கான அலையுருவம் அற்றவை. ஒழுங்கற்றதைச் சுருக்குதல் அரிது. பிட்டுகள் போதாதபொழுது இவ்வொலிகள் நீர்க்குமிழி கொப்பளிப்பது போன்று திரிந்துவிடும்.

நம் ழகரத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய தொலைபேசி, 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. ஸகரமும் ஃபகரமும் அதில் மயங்கின. அவ்விரண்டையும் வேறுபடுத்தும் ஆற்றல் பெரிதும் அவ்வெல்லைக்கு மேலே உள்ளது. ழகரத்தின் அடையாளமோ மூன்றாம் ஒத்ததிர்வு தாழ்வதில் உள்ளது. அது தொலைபேசியின் எல்லைக்குள்ளேயே அடங்கும். ஆகவே ‘பழம்’ என்பது ‘பளம்’ எனக் கேட்பின், கருவியைக் குறைகூறிப் பயனில்லை.

8. எம் பிழை

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட பிழைக்கு வருவோம். பல ஆண்டுகளுக்கு முன்பு நெகிரி செம்பிலானின் பால்மரத் தோட்டங்களில் களப்பணி மேற்கொண்டோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. லயத்து வீடுகளின் வாசலில் அமர்ந்து தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி எனப் பாட்டிமார் பாடியவற்றை நாற்பது ஒலிநாடாக்களில் பதிவு செய்தோம். அவர்களுள் ஒரு மூதாட்டி, முப்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த தம் கணவருக்குப் பாடிய ஒப்பாரியை நமக்காக மீண்டும் பாடினார். பாடத் தொடங்கியவர் பாடிக் காட்டுவதை மறந்து உண்மையாகவே அழுதார்.

நம் நாட்டு ஈரப்பதத்தில் நாடாக்களில் பூஞ்சை படர்ந்தது. அவற்றை இலக்கவியல் வடிவிற்கு மாற்ற முடிவு செய்தோம். குறுவட்டுத் தரத்தில் சேமித்தால் நாடாவுக்கு ஒரு வட்டு வீதம் நாற்பது வட்டுகள் வேண்டும். 64 கிலோபிட் எம்.பி.3 எனின் இரண்டே வட்டுகள் போதும். சொற்கள் தெளிவாகக் கேட்டன. எழுத்துப்பெயர்ப்புக்கு அது போதும் என்று எண்ணினோம். இரண்டு வட்டுகளை அலமாரியில் வைத்துவிட்டு, பூஞ்சை பிடித்த நாடாக்களை நாமே அப்புறப்படுத்தினோம்.

பிற்காலத்தில் ஆய்வு மாணவி ஒருவர் ஒப்பாரியில் மூச்சின் பங்கை ஆராய முன்வந்தார். ஒப்பாரியில் அடி முடிந்தபின் இழுக்கும் மூச்சும் விம்மலும் வெற்றிடங்கள் அல்ல. அவையே அடுத்த அடிக்குத் தாளம் வகுக்கின்றன என்பது அவர்தம் கருதுகோள். நல்ல கருதுகோள். அம்மூதாட்டியின் பதிவை மகிழ்ச்சியோடு எடுத்துக் கொடுத்தோம். சில வாரங்கள் கழித்து அவர் அலைவரைபடத்தோடு வந்தார். ஏறத்தாழ 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இல்லை. அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். மூச்சு விழும் இடங்களில்தான் சிக்கல். சில இடங்களில் மூச்சே இல்லை. சில இடங்களில் நீருக்குள்ளிருந்து எழுவது போன்ற ஒரு திரிபொலி. அது அம்மூதாட்டியின் விம்மலா, மென்பொருளின் விளைவா என்று அம்மாணவி கேட்டார். நம்மால் விடைகூற இயலவில்லை. மூதாட்டி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மாணவி தம் ஆய்வேட்டில் ஓர் இயலை நீக்க வேண்டியதாயிற்று.

அம்மென்பொருள் குற்றமேதும் செய்யவில்லை. பாட்டைக் கேட்டு மகிழும் ஒருவரை எண்ணி, அவருக்கு வேண்டாத மூச்சை அது விட்டது. மூச்சைத் தேடி ஒருவர் வருவார் என்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவர்கள் நாமே. வட்டுகளின் விலையை எண்ணினோம். பின்வருவோரின் வினாவை எண்ணவில்லை.

9. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சில பரிந்துரைகள்

இவ்வனுபவத்திலிருந்து நடைமுறைக்குரிய சிலவற்றைக் கூற விரும்புகிறோம்.

ஒன்று, பதிவு செய்யும்பொழுது இழப்பில்லா வடிவத்தையே தெரிவு செய்யுங்கள். அனைத்துலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கம் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் எனப் பரிந்துரைக்கிறது. ஒற்றைத் தடத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 518 மெகாபைட். ஒரு டெராபைட் வட்டில் 1,900 மணிநேரத்திற்கும் மேலான பதிவு அடங்கும். நாம் சிக்கனம் பார்த்த காலம் கடந்துவிட்டது. ஃபிளாக் வடிவில் சேமித்தால் இடம் இன்னும் மிகும்.

இரண்டு, பகிர்வதற்கும் வகுப்பில் ஒலிக்கச் செய்வதற்கும் எம்.பி.3, ஏ.ஏ.சி. போன்றவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். 192 கிலோபிட்டுக்குக் குறையாமல் இருந்தால் வகுப்பறைக்கு அது நிறைவே. ஆனால் அப்பகிர்வுப் படியை மூலமாகக் கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப் குரல் செய்தி ஓபஸ் வடிவில் வெகுவாகச் சுருக்கப்பட்டே செல்கிறது. மாணவரின் பயிற்சியைக் கேட்க அது போதும். பாட்டியின் கதையைக் காக்க அது போதாது.

மூன்று, எம்.பி.3 கோப்பை ஃபிளாக்காக மாற்றுவதால் தொலைந்தது திரும்பாது. கோப்பு பெருக்கும், தரம் பெருகாது. ஓர் இழப்புள்ள வடிவிலிருந்து மற்றோர் இழப்புள்ள வடிவிற்கு மாற்றுவது, மொழிபெயர்ப்பிலிருந்து மீண்டும் மொழிபெயர்ப்பதைப் போன்றது. ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒன்று உதிரும்.

நான்கு, வடிவத்தினும் முதன்மையானவை அறையும் ஒலிவாங்கியுமே. மின்விசிறியை நிறுத்துங்கள், ஒலிவாங்கியை வாய்க்கு ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் வையுங்கள். எதிரொலிக்கும் கூடத்தில் செய்த பதிவை எவ்வுயர்ந்த வடிவமும் செம்மைப்படுத்தாது.

ஐந்து, பாடியவர், இடம், நாள், சூழல் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் கூறிவிடுங்கள். இரண்டு படிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். மூலத்தை, அது பழுதுற்றதாகத் தோன்றினும், அவசரப்பட்டு எறியாதீர்கள்.

10. நிறைவுரை

எந்த வடிவம் சிறந்தது என்னும் வினாவோடு தொடங்கினோம். யாருக்கு, எதற்கு என்று கேட்டறிந்த பின்னரே அதற்கு விடைகூற இயலும். மாலையில் ஓய்வாக அமர்ந்து நாகசுர இசையைக் கேட்போருக்கு 256 கிலோபிட் கோப்பு குறைவற்றது. அதனினும் பெரிய கோப்புக்கும் விலை மிகுந்த கருவிக்கும் அவர் பணம் செலவிட வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் யார் எதைத் தேடி வருவார் என்பதை அறியாத நிலையில் ஒரு குரலைக் காப்போர், அதிலிருந்து எதையும் நீக்கும் உரிமையைத் தம் கையில் எடுத்துக்கொள்ளலாகாது.

அம்மூதாட்டியின் பேத்தி அண்மையில் நம்மைத் தேடி வந்தார். பாட்டியின் குரல் எம்மிடம் இருப்பதை யாரோ கூறக் கேட்டிருக்கிறார். அதே 64 கிலோபிட் கோப்பை ஒலிக்கச் செய்தோம். முதல் அடியிலேயே, “ஆமாங்க ஐயா, எங்க பாட்டிதான்” என்று கண் கலங்கினார். படி ஒன்றைப் பெற்றுக்கொண்டு பலமுறை நன்றி கூறிச் சென்றார். அவருக்கு அக்கோப்பில் குறையேதும் தென்படவில்லை. நாமும் எதையும் கூறவில்லை. அவர் சென்றபின் அம்மாணவி நீக்கிய இயல் நம் நினைவுக்கு வந்தது.

உங்கள் பள்ளிகளைச் சுற்றிலும் இன்றும் பாடக்கூடிய, கதை கூறக்கூடிய முதியோர் உள்ளனர். அடுத்த விடுமுறையில் மாணவர்களோடு சென்று அவர்களைப் பதிவு செய்யுங்கள். இழப்பில்லா வடிவில் பதிவு செய்யுங்கள். அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் பதிவை நிறுத்திவிடாதீர்கள்.